பீலித் தண்ணீரும் பெரியவர்களின் செங்கமாரியும்

கேகாலை மாவட்டத்தின் தென்கிழக்கு மூலையில், எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்டை, புளத்கொஹுபிட்டிய ஆகிய ஊர்களைச் சூழ்ந்து, தாழ்ந்த சரிவுகளில் ரப்பரும் உயர்ந்த சரிவுகளில் தேயிலையுமாகப் பரந்து கிடக்கின்ற தோட்டங்களுக்கு, வறண்ட வலயத்து விவசாயி பொறாமைப்படத்தக்க அளவுக்கு மழை உண்டு. வைகாசியில் தொடங்குகிற தென்மேற்குப் பருவக்காற்றும், அது ஓய்ந்தபின் ஐப்பசியில் பிற்பகல்தோறும் இடிமுழக்கத்தோடு இறங்குகிற இடைப்பருவ மழையும் பாறை இடுக்குகளிலெல்லாம் ஊற்றைத் திறந்துவிட, அந்த ஊற்றுகள் ஓடைகளாகி, ஓடைகள் சீதாவக்கை ஆறாகவும் குருகொட ஓயாவாகவும் வீ ஓயாவாகவும் திரண்டு, களனி கங்கையிலே கலந்து, அம்பத்தளையை அடைந்ததும் அங்கே தெளியவைக்கப்பட்டு, வடிகட்டப்பட்டு, குளோரின் சேர்க்கப்பட்டு, கொழும்பு மாநகரத்தின் குழாய்களுக்குள் சுத்த ஜலமாகப் பிரவேசிக்கின்றன. அந்த ஜலத்தின் பிறப்பிடத்திலே, தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் வசிக்கிற ஜனங்களில் மிகப் பலர், தலைநகரத்தாருக்குக் கிடைக்கிற அந்தப் பாதுகாப்புகளில் ஒன்றேனும் இல்லாமல், மலையிலிருந்து இறங்கியபடியே அதைப் பருகி வருகிறார்கள். இந்தப் பிரதேசத்தில் அவ்வப்போது தலைகாட்டுகிற செங்கமாரியைப் பற்றி எழுதப் புகுகிறவர் இவ்விடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

செங்கமாரி பல காரணங்களால் வரும். அவற்றுள் அசுத்தமான நீரின் வழியாகவும் உணவின் வழியாகவும் வந்து ஈரலைத் தாக்குகிற ஹெபடைட்டிஸ் ஏ என்னும் வைரஸ் வியாதியே இக்கட்டுரையின் விஷயம். அதிலும் குறிப்பாக, குழந்தைகளை அநேகமாக ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுகிற அந்த வியாதி, வளர்ந்தவர்களைப் பற்றும்போது ஏன் இவ்வளவு கொடுமை செய்கிறது என்பதும், சுகாதாரம் சற்றே முன்னேறியிருக்கிற இந்தக் காலத்தில் வளர்ந்தவர்கள் அதற்கு இலக்காவது ஏன் என்பதும் தோட்டப்புற ஜனங்கள் அறிந்திருக்க வேண்டிய காரியங்கள்.

முப்பத்தைந்து வயதான ஒரு பால்வெட்டுத் தொழிலாளியை எண்ணிக்கொள்வோம். விடியற்காலையில் கத்தியோடும் வாளியோடும் புறப்பட்டு, மரத்துக்கு மரம் சரிவிலே ஏறி இறங்கி, பட்டையைச் சீவிச் சிரட்டையை வைத்து, முற்பகலில் பாலைச் சேகரித்து ஸ்டோருக்குச் சுமந்து செல்கிற தேகம் அது. சாமானியமான காய்ச்சலுக்கெல்லாம் படுத்துவிடுவதில்லை. ஒருநாள் உடம்பு கனக்கிறது, லேசாகக் காய்கிறது, மூட்டுகள் நோகின்றன. மறுநாள் சோற்றைக் கண்டாலே குமட்டுகிறது. புகை பிடிக்கும் பழக்கமுள்ளவரானால் பீடியின் வாடையே ஆகாமற்போகிறது. பழைய வைத்தியர்கள் இதனை இந்நோயின் ஒரு முக்கிய அடையாளமாகவே குறித்து வைத்திருக்கிறார்கள். வலது விலாவுக்குக் கீழே ஒரு கனமும் வலியும் தோன்றுகின்றன. மூன்று நான்கு நாட்களுக்குப் பிறகு சிறுநீர் சாயம் கூடிய வெறுந்தேநீரின் நிறத்துக்கு மாறுகிறது. மலமோ நிறமிழந்து களிமண் போலாகிறது. ஈரல் வழக்கமாகக் குடலுக்குள் அனுப்புகிற பித்தநிறமி அங்கே போகாமல் இரத்தத்திலே தேங்கிச் சிறுநீர் வழியாக வெளியேறுவதே இவ்விரண்டு மாற்றங்களுக்கும் காரணம். அப்போது அவரைப் பகல் வெளிச்சத்துக்கு அழைத்து வந்து, கீழிமையை விரலால் தாழ்த்தி, வெள்விழியைப் பார்த்தால் மஞ்சள் தெரியும். லயத்துக் காம்பராவின் மங்கலான மின்குமிழின் கீழே பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்வது தவறு. அந்த வெளிச்சத்தில் எல்லாக் கண்ணும் ஒரே நிறமாகத்தான் தோன்றும்.

மஞ்சள் தெரிகிற வேளையிலே காய்ச்சல் பெரும்பாலும் தணிந்துவிடுகிறது என்பது இந்நோயின் ஒரு விசேஷம். காய்ச்சல் விட்டுப்போக, சோர்வு மட்டும் நின்றுவிடுகிறது. இரண்டு வாரமோ, ஒரு மாதமோ, சிலருக்கு இரண்டு மூன்று மாதமோ அந்தச் சோர்வு நீடிக்கிறது. சிலருக்குத் தேகமெங்கும் தாங்கமுடியாத அரிப்பு உண்டாகிறது. பத்தில் ஒருவர் அளவுக்கு, குணமாகிவிட்டது என்று எண்ணி வேலைக்குத் திரும்பியபின், மறுபடியும் மஞ்சள் கண்டு படுக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆயினும் இந்த வைரஸ் நிரந்தரமாக ஈரலில் தங்கிவிடுவதில்லை. ஒருமுறை வந்து போனால் ஆயுள் முழுவதற்கும் எதிர்ப்புச் சக்தி உண்டாகிவிடுகிறது.

ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில், இதே வைரஸ் உடம்பினுள் புகுந்தாலும், சுமார் பத்தில் ஒருவருக்குத்தான் மஞ்சள் தோன்றுகிறது. மற்றவர்களுக்கு லேசான காய்ச்சலாகவோ, ஒருநாள் வயிற்றுப்போக்காகவோ, அதுவுமின்றியோ கழிந்துவிடுகிறது. வளர்ந்தவர்களிலோ பத்தில் ஏழு பேருக்கு மேல் மஞ்சள் காண்கிறது. வயது ஐம்பதைத் தாண்டியவர்களிடத்திலும், முன்பே ஈரல் கெட்டவர்களிடத்திலும் ஆபத்து மேலும் அதிகரிக்கிறது. நம்முடைய பாட்டன் பாட்டிமார் பிறந்த நாளில், கழிவறை என்பதே அறியாத லயங்களில், ஒவ்வொரு குழந்தையும் தவழுகிற வயதிலேயே இந்த வைரஸைச் சந்தித்து, ஒருவரும் அறியாமல் வென்று, அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் அதற்கு அஞ்சாமல் இருந்தது. அந்தக் குழந்தைகளில் எத்தனையோ பேரைப் பேதியும் வாந்திபேதியும் நெருப்புக்காய்ச்சலும் கொண்டுபோயின என்பதை மறந்துவிட்டு அக்காலத்தை யாரும் ஏக்கத்தோடு நினைக்க வேண்டியதில்லை. ஆனால் இப்போது என்ன நேர்ந்திருக்கிறதென்றால், வீட்டுக்கு வீடு கழிவறை வந்திருக்கிறது, சவர்க்காரம் வந்திருக்கிறது, பிள்ளைகள் பாடசாலையிலே கைகழுவப் பழகியிருக்கிறார்கள். ஆகவே வைரஸைச் சந்திக்காமலே அநேகர் வாலிபத்தை அடைகிறார்கள். குடிக்கிற நீர் மாத்திரம் இன்னும் பழைய பாதையிலே வருகிறது. நீரிலே எப்போதாவது வைரஸ் கலந்துவிட்டால், எதிர்ப்புச் சக்தியற்ற முப்பது வயதுக்காரர்களின் கூட்டம் ஒன்று அதற்கு எதிரே நிராயுதபாணியாக நிற்கிறது. பாதி தூரம் வந்து நின்றுபோன சுகாதாரத்தின் வியாதி இது என்பதே என்னுடைய திடமான அபிப்பிராயம்.

இதற்கு உலகம் அறிந்த பெரிய உதாரணம் ஷாங்காய் நகரம். 1988-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அசுத்தமான கடற்கரையிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒருவகை மட்டிகளை அரைவேக்காட்டில் உண்டதனால், சில வாரங்களுக்குள் அந்நகரத்தில் சுமார் 3,00,000 பேருக்கு ஹெபடைட்டிஸ் ஏ கண்டது. நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்டவர்கள். அவர்களைவிட மூத்தவர்கள் பழைய அசுத்தத்திலே பிறந்து எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்தார்கள். இளையவர்களுக்கோ நகரத்தின் முன்னேற்றம் அந்தச் சக்தியைத் தராமற்போயிற்று. நமக்கு அண்டையிலே இருக்கிற, நம்மைப் போலவே கல்வியிலும் குழந்தைகள் நலத்திலும் பெயர் பெற்றிருக்கிற கேரளத்தில், 2024-ஆம் ஆண்டு மலப்புறம் மாவட்டத்திலும், எர்ணாகுளம் மாவட்டத்து வேங்கூரிலும் இதே வியாதி பரவி உயிர்களைக் கொண்டுபோனது. கிணற்று நீரையும் ஊரின் குழாய் நீரையும் பற்றி அங்கே எழுந்த கேள்விகள், இங்கே நாம் மலை ஊற்றின் நீரை லயத்துக்குக் கொண்டுவந்து விடுகிற பீலியைப் பற்றி எழுப்ப வேண்டிய கேள்விகளே.

இலங்கையிலும் அனுபவத்துக்குக் குறைவில்லை. 2007-இல் மத்திய மாகாணத்துக் கம்பளை நகரிலே செங்கமாரி பரவியது பலருக்கு நினைவிருக்கும். 2009-இல், வன்னியிலிருந்து வந்த இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான ஜனங்கள் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களுக்குள் அடைபட்டிருந்தபோது, கூடாரத்துக்கும் கழிவறைக்கும் நீர்த்தொட்டிக்கும் இடையே போதிய தூரம் இல்லாத அந்த நிலையில், ஹெபடைட்டிஸ் ஏ ஆயிரக்கணக்கானோரைப் பற்றியது. ஜனங்கள் செறிந்து, நீர் ஒன்றாகி, மலம் ஒதுக்க இடமில்லாமற்போகிற இடங்களில் இந்த வைரஸ் தன் வேலையைத் தவறாமல் செய்கிறது. மண்சரிவு வந்து ஜனங்களைப் பாடசாலைகளிலும் கோயில்களிலும் தங்கவைக்கிற காலங்களிலே, இந்த மாவட்டத்தில் நாம் பயப்படவேண்டியதும் இதற்காகவே. 2016-ஆம் ஆண்டு மே மாதத்தில் அரநாயக்கையில் சாமசர மலை சரிந்ததையும், புளத்கொஹுபிட்டியவின் களுப்பான தோட்டத்து லயங்களை மண் மூடியதையும் கேகாலை மறந்திருக்காது.

நோய்க்கும் நோய் வந்த வழிக்கும் இடையே விழுகிற கால இடைவெளி ஒன்று, இந்த வியாதியைப் பிடிபடாததாக ஆக்கிவிடுகிறது. வைரஸ் வயிற்றினுள் போன நாளுக்கும் முதற்குறி தோன்றுகிற நாளுக்கும் இடையே 15 நாள் முதல் 50 நாள் வரை, சராசரியாக நான்கு வாரம் கழிகிறது. ஐப்பசி மழையிலே கழிவறைக் குழி நிரம்பி ஓடைக்குள் வழிந்திருந்தால், கண் மஞ்சளாவது கார்த்திகையிலே. அதற்குள் மழை விட்டு, ஓடை தெளிந்து, பீலியிலே கண்ணாடி போன்ற நீர் விழுந்துகொண்டிருக்கும். அந்த நீரைக் கையிலே ஏந்திக் காட்டி, ‘இதிலா நோய் இருக்கிறது?’ என்று ஒருவர் கேட்டால், மறுமொழி சொல்ல யாராலும் முடியாது. இன்னொன்று: நோயாளியின் மலத்திலே வைரஸ் மிகுதியாக வெளியேறுவது மஞ்சள் தோன்றுவதற்கு முந்திய இரண்டு வாரங்களில். கண் மஞ்சளானபின் அவருடைய கோப்பையையும் பாயையும் ஒதுக்கி வைக்கிற நம்முடைய வழக்கம், பெரும்பாலும் காலம் கடந்த எச்சரிக்கையாகிவிடுகிறது. பிள்ளைக்காம்பராவிலே ஆடிக்கொண்டிருக்கிற, ஒரு குறியும் இல்லாத குழந்தையே தாய்க்கும் தந்தைக்கும் வைரஸைக் கொண்டுவந்திருக்கக்கூடும்.

இனி அந்தப் பீலியைச் சற்று அருகே போய்ப் பார்ப்போம். லயத்துக்கு மேலே, அரைமைல் தூரத்திலோ அதற்கும் குறைவிலோ, பாறையடியில் ஓர் ஊற்று. அதைச் சுற்றிச் சீமெந்தால் கட்டிய சிறு தொட்டி; மூடியிருந்தால் பாக்கியம், பல இடங்களில் தகரத்தையோ பலகையையோ போட்டு மேலே கல்லை வைத்திருப்பார்கள். தொட்டியிலிருந்து புறப்படுகிற கறுப்புக் குழாய், ரப்பர் மரங்களின் வேர்களுக்கிடையே நெளிந்து, ஒரு கானைக் கடக்கிற இடத்தில் கம்புகளின்மேல் தாங்கி நின்று, இணைப்புத் தளர்ந்த இடத்திலே பழைய சைக்கிள் ட்யூபின் துண்டால் சுற்றிக் கட்டப்பட்டிருக்கும். கானிலே நீர் உயரும்போது அந்த இணைப்பு முழுகுகிறது. குழாயில் நீர் ஓடாத வேளையில் வெளிநீர் உள்ளே உறிஞ்சப்படுகிறது. அந்தக் கானுக்கு மேலே என்ன இருக்கிறது என்று நிமிர்ந்து பார்த்தால், மேல் லயத்தின் பின்புறம் தெரிகிறது. அங்கே வீட்டுக்கு ஒன்றாக, நல்ல எண்ணத்தோடு, மானியத்தோடு கட்டிக்கொடுக்கப்பட்ட கழிவறைகள் வரிசையாக நிற்கின்றன. கட்டியவர்கள் குழியின் ஆழத்தை அளந்திருப்பார்கள், வாசற்படியை அளந்திருப்பார்கள், கீழே உள்ள ஊற்றுக்கும் அதற்கும் உள்ள சரிவை அளந்தவர் அபூர்வம். நூறு வருஷத்துக்கு முன்னே, தேயிலைக்கும் ரப்பருக்கும் நல்ல மண்ணை ஒதுக்கிவிட்டு, எஞ்சிய சரிவுகளிலே நெருக்கி நெருக்கிக் கட்டப்பட்ட லயங்களுக்கு, குழியை ஊற்றிலிருந்து விலக்கி வைக்கிற சௌகரியம் எங்கே இருந்தது? ஒரு வீட்டார் எவ்வளவுதான் சுத்தமாக இருந்தாலும், மேலே இருக்கிற வீட்டின் குழியை அவர்களால் ஒன்றும் செய்யமுடியாது. ஆகையால் இதை ஜனங்களின் அசுத்தப் பழக்கத்தால் வருகிற நோய் என்று சொல்லிவிட்டு நகர்ந்துபோகிற உத்தியோகஸ்தரோடு நான் ஒருபோதும் உடன்பட மாட்டேன்.

இந்த வைரஸ் மனிதனுக்குத் தெரியவந்த வரலாறும் நெடியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய நோயியல் ஆசிரியரான விர்ச்சோ, பித்தக்குழாயின் வாயிலே சளி அடைத்துக்கொள்வதால் இந்த மஞ்சள் வருகிறதென்று கருதினார். அந்தக் கருத்து வெகுகாலம் வைத்திய நூல்களில் நிலைத்தது. 1947-இல் மக்கல்லம் என்ற பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர், வயிற்றின் வழியே பரவுவதற்கு ஏ என்றும், இரத்தத்தின் வழியே பரவுவதற்கு பி என்றும் பெயரிட்டுப் பிரித்தார். 1973-இல் அமெரிக்காவில் ஃபைன்ஸ்டோன், கபிகியன், பர்செல் ஆகிய மூவரும் நோயாளியின் மலத்திலிருந்து எடுத்த மாதிரியில், மில்லிமீட்டரை லட்சம் கூறிட்டாலும் மூன்று கூறுக்கு மேல் வராத அந்த வைரஸை மின்னணு நுண்நோக்கியிலே முதன்முதலாகக் கண்டார்கள். இடையிலே 1950-களிலும் 60-களிலும் நியூயார்க்கின் வில்லோபுரூக் விடுதியில், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு வேண்டுமென்றே இந்நோயை ஊட்டிச் செய்யப்பட்ட பரிசோதனைகள் வைத்திய உலகத்தின்மேல் விழுந்த பெரிய களங்கம். அவற்றிலிருந்து கிடைத்த அறிவை நாம் இன்று பயன்படுத்துகிறோம் என்பதனால் அந்தக் களங்கம் கழுவப்பட்டதாகாது. வேறொரு பாடத்தை இந்தியா கற்பித்தது. 1955-இன் இறுதியில் டில்லியிலே, யமுனையின் நீரெடுக்கும் இடத்தில் நஜஃப்கட் சாக்கடை புகுந்ததனால் சுமார் 29,000 பேருக்குச் செங்கமாரி கண்டது. அது ஹெபடைட்டிஸ் ஏ தான் என்றே எல்லோரும் நம்பினார்கள். அப்போது சேமித்து வைத்த இரத்தத்தைக் கால் நூற்றாண்டுக்குப் பின் சோதித்தபோது, அது ஏ-யும் அன்று பி-யும் அன்று என்று தெரியவந்தது; இன்று ஹெபடைட்டிஸ் ஈ என்று வழங்கும் அந்நோயும் நீராலேயே வருவது, கர்ப்பிணிகளுக்கு மிகக் கொடியது.

மஞ்சளெல்லாம் ஒரே நோயன்று என்ற டில்லியின் பாடம், கேகாலை அடங்கிய சப்ரகமுவ மாகாணத்துக்கு வேறொரு விதத்தில் மிகவும் அவசியமானது. ஏனெனில் இங்கே மஞ்சள் கண்டவுடன் நினைக்கவேண்டிய மற்றொரு பெயர் எலிக்காய்ச்சல். வயலில் இறங்குகிறவர்கள், இரத்தினபுரிப் பக்கத்து மாணிக்கக் குழிகளில் சேற்றோடு சேறாக நின்று வேலை செய்கிறவர்கள், கான் வெட்டுகிறவர்கள் ஆகியோரின் காலிலுள்ள சிறு கீறல் வழியே, எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து நுழைகிற அந்தக் கிருமி, ஈரலையும் சிறுநீரகத்தையும் சேர்த்துத் தாக்குகிறது. 2008-ஆம் ஆண்டு இலங்கை முழுவதும் 7,000-க்கு மேற்பட்டோருக்கு எலிக்காய்ச்சல் சந்தேகிக்கப்பட்டு, 200-க்கு மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். இரத்தினபுரியும் கேகாலையும் ஆண்டுதோறும் அந்தக் கணக்கிலே இடம்பெறுகிற மாவட்டங்கள். ஹெபடைட்டிஸ் ஏ-யில் மஞ்சள் வரும்போது காய்ச்சல் தணிகிறது. எலிக்காய்ச்சலிலோ காய்ச்சல் நீடிக்கும்போதே மஞ்சள் வருகிறது, கெண்டைக்கால் தொடமுடியாமல் வலிக்கிறது, வெள்விழி மஞ்சளோடு சிவந்தும் இருக்கிறது, சிறுநீர் குறைந்துபோகிறது. முன்னதற்கு ஓய்வே சிகிச்சை. பின்னதற்குக் கிருமிக்கொல்லி மருந்து நாள் தவறாமல் கொடுக்கப்பட வேண்டும், பிந்தினால் உயிர் போகும். ‘செங்கமாரிதானே, பத்தியமாக இருந்தால் போய்விடும்’ என்று வீட்டிலே படுத்திருப்பதைப் போல ஆபத்தான காரியம் இந்தப் பிரதேசத்தில் வேறில்லை. தோட்டத்து மருந்தகத்திலே காட்டிவிட்டு, கரவனல்லை ஆதார வைத்தியசாலைக்கோ கேகாலைப் பெரியாஸ்பத்திரிக்கோ ஒருமுறையேனும் போய், இரத்தப் பரிசோதனை செய்து, இது எந்தச் செங்கமாரி என்பதைத் தெரிந்துகொள்வது கட்டாயம்.

பரிசோதனையில் ஹெபடைட்டிஸ் ஏ என்று உறுதியானபின், வைரஸை அழிக்கிற மருந்து எதுவும் கிடையாது. தேவையும் பெரும்பாலும் இல்லை. ஈரல் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்கிற அவயவம். இந்த உண்மையினாலேதான், கீழாநெல்லிச் சாற்றுக்கும், நாட்டு வைத்தியரின் கஷாயத்துக்கும், பார்வை பார்த்து மந்திரிக்கிறவரின் வேப்பிலைக்கும் ஒருங்கே புகழ் உண்டாயிற்று. தானாகக் குணமாகிற வியாதியில், கடைசியாகச் செய்த காரியமே குணமாக்கியதாகத் தோன்றுவது மனித சுபாவம். கீழாநெல்லியை நான் இழிவாக எண்ணவில்லை. 1988-இல் சென்னை ஆராய்ச்சியாளர்கள் அதனை ஹெபடைட்டிஸ் பி நோயில் சோதித்து லான்செட் சஞ்சிகையில் எழுதியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. பிற நாடுகளில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. அதுவும் வேறொரு வைரஸைப் பற்றியது. அம்மிக்கல்லில் அரைத்த ஒரு கொழுந்தால் தீங்கு நேராது என்று ஒப்புக்கொள்ளலாம். ஆனால் கையில் சூடு போடுவது, இன்னதென்று தெரியாத பஸ்பங்களை விழுங்குவது, கடும் பத்தியம் என்ற பெயரில் நோயாளியைப் பட்டினி போடுவது ஆகியவை ஏற்கெனவே களைத்த ஈரலுக்குச் செய்கிற துரோகம். சோறும் பருப்பும் மீனும் முட்டையும், வயிறு ஏற்கிற அளவுக்கு, சிறிது சிறிதாக உண்ணலாம். குமட்டல் இருக்கிறவரை எண்ணெய்ப் பண்டத்தைக் குறைத்துக்கொண்டால் போதும்.

விலக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, உடம்புவலிக்கென்று கணக்கில்லாமல் விழுங்குகிற பனடோல். அளவு மீறினால் நல்ல ஈரலையே அழிக்கவல்ல அந்த மருந்தை, செங்கமாரியில் வைத்தியர் சொன்ன அளவுக்கு மேல் ஒரு வில்லைகூடத் தொடலாகாது. மற்றொன்று கசிப்பும் சாராயமும். உடல் நோவு போக்க மாலையிலே குடிக்கிற பழக்கம் தோட்டங்களில் எவ்வளவு வேரூன்றியிருக்கிறதென்பதை அறிந்தே இதனைச் சொல்கிறேன்: குடியால் முன்பே கெட்டிருக்கிற ஈரலின்மேல் இந்த வைரஸ் வந்து விழும்போது மரண ஆபத்து மிகுகிறது. நோயாளி பகலிலே தூங்கி இரவிலே விழித்திருந்தால், பேச்சுத் தடுமாறினால், பெற்ற பிள்ளையின் பெயரை மறந்தால், ஈறிலிருந்தோ மூக்கிலிருந்தோ இரத்தம் வந்தால், வாந்தி நிற்காமற்போனால், அது ஈரல் செயலிழக்கிற அறிகுறி. விடியட்டும் என்று காத்திராமல், கிடைத்த வாகனத்தில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே அந்நிலை நேர்கிறது. அந்த ஒருவர் பெரும்பாலும் குடும்பத்துக்கு உழைக்கிற வயதிலே இருப்பவர்.

உழைக்கிற வயது என்று சொன்னதிலே இந்த வியாதியின் மற்றொரு கொடுமை அடங்கியிருக்கிறது. தோட்டத்திலே ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். நிறை குறைந்தால் அரைப் பேர். தேயிலை, ரப்பர்த் தொழிலாளரின் நாட்கூலி 1,000 ரூபாய் என்று 2021-இல் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு பார்த்தாலும், ஆறு வாரம் படுத்த ஒருவர் முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் இழக்கிறார். அதனால் நடப்பது என்ன? கண்ணிலே மஞ்சள் முழுவதும் தெளியுமுன்னே, கால் நடுங்க நடுங்க, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்துக்கு வந்து நிற்கிறார். ‘இன்னும் பத்து நாள் இரும் அண்ணே’ என்று மருந்தகத்து உத்தியோகஸ்தர் சொன்னால், ‘கடைக்கடன் யார் ஐயா கட்டுவது?’ என்று திருப்பிக் கேட்கிறார். அந்தக் கேள்விக்கு மருந்துப் பெட்டியிலே விடை இல்லை. கொழுந்தெடுக்கிற தாய் விழுந்துவிட்டாலோ, கூலியோடு சேர்ந்து அடுப்பும் அணைகிறது. அடுப்பு அணைந்தால் தண்ணீர் கொதிப்பதும் நிற்கிறது.

கொதித்த நீர் என்பது இங்கே சாதாரண வார்த்தையன்று. இந்த வைரஸ் வெளியுலகில் மாதக்கணக்கில் உயிர்த்திருக்கும். வயிற்றின் அமிலத்துக்கும் அஞ்சாது. ஆயினும் கொப்புளித்துக் கொதிக்கிற நீரிலே ஒரு நிமிஷத்துக்கு மேல் தாக்குப்பிடிக்காது. மலைக்குக் கொண்டுபோகிற தேத்தண்ணிப் போத்தலால் யாருக்கும் செங்கமாரி வந்ததில்லை. அது தீர்ந்தபின் அதே போத்தலிலே ஓடையிலிருந்து நிரப்புகிற பச்சைத் தண்ணீரிலேதான் ஆபத்து இருக்கிறது. வல்லாரைச் சம்பலுக்குக் கீரையைக் கழுவுகிற நீரும், பாடசாலை வாசலிலே விற்கிற ஐஸ் பக்கட்டை உறையவைத்த நீரும் அதே வகையைச் சேர்ந்தவை. கைகழுவச் சவர்க்காரமும் ஓடுகிற நீரும் வேண்டும். கொரோனாக் காலத்திலே கையில் தடவிப் பழகிய சாராயத் திரவம் இந்த வைரஸிடம் அவ்வளவாகச் செல்லாது. தடுப்பூசி உண்டு, 1990-களின் தொடக்கத்திலிருந்து உலகிலே வழங்கிவருகிறது, நல்ல பலன் தருவது, நோயாளியோடு பழகிய இரண்டு வாரத்துக்குள் போட்டாலும் காக்கவல்லது. இலங்கையின் தேசியத் தடுப்பூசி அட்டவணையிலே அது இல்லாமையால், தனியார் மருத்துவமனையில் பணம் கொடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு தோட்டத்தில் இரண்டு மூன்று பேருக்கு நோய் உறுதியானவுடன், மற்ற வாலிபர்களுக்கும், முன்பே ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் அரசாங்கம் அதனை இலவசமாக வழங்குவது நியாயம் என்று நான் கருதுகிறேன்.

தோட்டங்களின் சுகாதாரத்துக்கு யார் பொறுப்பு என்ற வழக்கு நூறு வருஷத்துப் பழையது. 1916-இல் ராக்பெல்லர் ஸ்தாபனத்தின் உதவியோடு கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் இலங்கையில் தொடங்கியபோது, தொழிலாளருக்குப் பேதி மருந்து கொடுப்பதற்குத் துரைமார் சம்மதித்தார்கள். கழிவறை கட்டுவதற்கு வேண்டிய பணத்தைச் செலவிடத் தயங்கினார்கள். மருந்தால் விழுந்த புழு, மண்ணிலிருந்து மறுபடியும் காலில் ஏறியது. 1926-இல் களுத்துறையிலே ஆசியாவின் முன்னோடியான சுகாதாரப் பிரிவு அமைந்து, கிராமங்களுக்கு அரசாங்கத்தின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரத் தொடங்கியபோதும், தோட்டம் தனி ராச்சியமாகவே நீடித்தது. 1934-35-இன் மலேரியா கேகாலையைச் சூறையாடியபோது, ருவன்வெல்லைக் கிராமங்களிலே பருப்பும் மருந்தும் கொண்டு நடந்த என். எம். பெரேரா மறுவருஷம் அதே ஊரின் பிரதிநிதியாக அரசாங்க சபைக்குச் சென்றார். நோயும் நீரும் அரசியல் விஷயங்கள் என்பதை இந்த மாவட்டம் அன்றே கண்டது. பிறகு தோட்டங்களுக்குத் தேசியமயம் வந்தது, 1992-இல் மறுபடியும் கம்பெனிகள் வந்தன, தோட்ட வீதிக்கும் தோட்ட நீருக்கும் பிரதேச சபை பணம் செலவிடச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அந்தத் தடை, பிரதேச சபைச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு திருத்தப்பட்ட 2018-ஆம் ஆண்டில்தான் நீங்கியது.

ஆகவே இன்று எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் உள்ள பிரதேச சபைகளிடம், ‘எங்களுக்கு அதிகாரமில்லை’ என்ற பழைய பதில் கிடையாது. ஊற்றுக்கு மேலே உள்ள சரிவைக் கழிவறையில்லாத எல்லையாக வேலியிட்டுக் காப்பது, தொட்டியைச் சீமெந்து மூடியிட்டுப் பூட்டுவது, கானைக் கடக்கிற குழாயை இணைப்பில்லாத ஒரே நீளமாக மாற்றுவது, தொட்டியிலே குளோரின் சேர்த்து, அரைமணி நேரத்துக்குப் பிறகும் லிட்டருக்கு அரை மில்லிகிராம் மிஞ்சி நிற்கிறதா என்று பரிசோதகர் வாரந்தோறும் பார்ப்பது: இவற்றுக்காகும் செலவு ஒரு தோட்டத்தின் ஒரு மாதத்துப் பேர்க்கணக்கைத் தாண்டாது. வைரஸ் ஈரல் அழற்சி அறிவிக்கவேண்டிய நோய்களின் பட்டியலிலே இருப்பதால், முதல் நோயாளியைக் கண்ட வைத்தியரின் அறிவித்தல் சுகாதார வைத்திய அதிகாரிக்குப் போகிறது. அந்தக் காகிதம் கையில் கிடைத்தவர், நோயாளியின் வீட்டிலே சவர்க்காரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பாமல், குழாயின் வழியைப் பிடித்துக்கொண்டு மலை ஏறி, ஊற்றின் வாய்வரைக்கும் நடக்கட்டும். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்னே அந்த நடை முடிந்திருக்க வேண்டும்; தோட்டத்து நிர்வாகியும் பிரதேச சபை உறுப்பினரும் கூடவே வரட்டும்.